பாறையோரத்தில் ஒரு தேதி

தாம்பரத்துப் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசுகிறவர் அந்தோணிசாமி. பெட்டியின் உடம்புக்குப் பூசுவது கூட்டு வேலை. நான்கு பேர் நான்கு பக்கம் நின்று முடித்துவிடுவார்கள். அதன்மேல் எழுத்து எழுதுவதுதான் தனி வேலை. ஒவ்வொரு பெட்டியின் கடைக்கோடிச் சுவரிலும், பயணிகள் கண் படாத ஓரிடத்தில், வெள்ளை எழுத்தில் சில குறிகள் இருக்கும். பெட்டி எந்தப் பணிமனைக்கு உரியது, என்றைக்குச் செப்பனிடப்பட்டது, மறுபடி என்றைக்கு அங்கே திரும்ப வேண்டும் என்பவை அவை. கடைசியாக உள்ளதைப் பணிமனைக்காரர்கள் ‘ரிட்டர்ன் தேதி’ என்பார்கள். பெட்டி கடற்கரைக்குப் போகலாம், செங்கல்பட்டுக்குப் போகலாம், எந்த மழையிலும் வெயிலிலும் ஓடலாம். அந்தத் தேதியில் பிறந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தத் தேதிகளை எழுதிவந்த கை அந்தோணிசாமியுடையது. அவர் தேதி எழுதிய எந்தப் பெட்டியும் திரும்பி வராமல் இருந்ததில்லை, பிந்தியதுண்டு, அவ்வளவுதான்.

வீட்டில் அவர் வரைவது வேறு. இரும்புலியூரில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் சமையலறையும் அவர் வீடு. அந்த அறையின் கிழக்குச் சுவரில் சட்டமடித்த கித்தானைச் சாய்த்துவைத்து, அமெரிக்க நாட்டுக் காடுகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். பனி மூடிய சிகரம், அதன் கீழே ஊசியிலை மரங்களின் கருமை, அதற்கும் கீழே அசையாத ஏரி. அவர் அமெரிக்காவைப் பார்த்ததில்லை; ஊட்டியைக்கூடப் பார்த்ததில்லை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு மேற்குத் தாம்பரத்துப் பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது. அந்நாட்டு விதை வியாபாரக் கம்பெனி ஒன்று என்றைக்கோ அச்சிட்டது. பன்னிரண்டு தாள், பன்னிரண்டு காட்சி. ஒன்றிலும் ஆள் இல்லை.

“இவ்ளோ எடம் கீது, ஒரு மனுசன்கூட இல்லியே” என்று கடைக்காரரிடம் வியந்தார்.

“இன்னும் பிளாட்டு போட்ருக்க மாட்டாங்க” என்றார் கடைக்காரர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வமும் பூவும் பறவையும் பொழுதும் உணர்வும் வகுத்துவைத்த மொழி நம்முடையது. குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு என்று மண்ணைப் பார்த்தே மனத்தைச் சொல்லிவிட்டார்கள் முன்னோர். அந்த ஐந்தில் பனி உறைந்த மலைக்கு இடமில்லை. அது அவர்கள் கண்ட நிலம் அன்று. அந்தோணிசாமி இலக்கணம் கற்றவர் அல்லர். ஆயினும் விடுபட்ட அந்த நிலத்துக்குத் தாமாகவே ஒரு திணை வகுத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். அதன் பொழுது ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முதல் பூசை முடிந்து வந்த பிறகு. அதன் உணர்வு, யாரும் கூப்பிடாமல் இருப்பது.

பனியை வரைய அவருக்கு மூன்று ஆண்டு பிடித்தது. முதலில் வெள்ளையை அள்ளிப் பூசினார். சிகரம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல நின்றது. ஒரு நாள் விடியற்காலை மீன் வாங்கப் போனவர், லாரியிலிருந்து இறக்கிய ஐஸ் பாரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். வெயில் பட்ட பக்கம் லேசான மஞ்சள். நிழல் பக்கம் நீலம். உடைந்த விளிம்பில் பச்சை. வெள்ளை எங்குமே இல்லை. மீன் வாங்க மறந்து வீடு திரும்பினார். அன்றிலிருந்து அவருடைய பனியில் குளிர் வந்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. இந்தக் கதையே அதில்தான் திரும்புகிறது. ஒரு ஞாயிறு குழைத்த வண்ணம் அடுத்த ஞாயிறு வரை காயாமல் இருக்க வேண்டும். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலத்தில் இரண்டு சொட்டு வண்ணத்தில் விட்டுக் குழைப்பார். அப்படிக் குழைத்த வண்ணம் டப்பாவிலும் காயாது, கித்தானிலும் சீக்கிரம் காயாது. அவர் வீடு முழுக்கக் கிராம்பு மணக்கும். மாடிப்படி ஏறும்போதே பிரியாணி என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

அவருடைய படங்களைப் பார்க்க ஒருவர்தான் இருந்தார்: மனைவி ஷீலா. பிள்ளை இல்லாத வீடு. ஷீலாவின் அண்ணன் டெனிஸின் மகள் கிறிஸ்டினா பள்ளிக்கூட நாட்களில் பாதியை இங்கேதான் கழித்தாள்; அவள் வளர்ந்து வேலைக்குப் போன பின் மறுபடி இவர்கள் இருவரும்தான். நாட்காட்டியில் இருந்த இடங்களின் பெயர் இருவர் வாயிலும் நுழையாது. ஆகவே மாதத்தின் பெயரையே படத்துக்கு வைத்துவிட்டார்கள். ஏரி இருந்தது ஜூன். எரிமலை நவம்பர். கையில் காப்பியோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “இது இன்னா மாசம்?” என்று கேட்பதுதான் ஷீலா படம் பார்க்கத் தொடங்கும் முறை. பிறகு குறை சொல்வாள்.

“இன்னாங்க, அது மான் மாரியே இல்ல. படப்பை சந்தைல நிக்கிற ஆடு மாரி கீது.”

அடுத்த ஞாயிறு ஆட்டுக்குக் கழுத்து நீண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது அக்டோபர். ஆறடிக்கு நாலடி. இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதனுள் வளைந்து வரும் ஆறு, இடது ஓரத்தில் மேசை அளவுக்கு ஒரு பழுப்புப் பாறை. இரண்டே முக்கால் ஆண்டு உழைப்பு. அதற்கிடையே பணிமனையில் இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். ஷீலாவுக்குக் கண் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று அவள் முதலில் வந்து நின்றது அக்டோபர் முன்னால்தான். “ஆத்துல வெளிச்சம் கீதுன்னு இப்பதான் தெரியுது” என்றாள். அந்தோணிசாமிக்கு அது மறக்கவில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் டெனிஸ் வந்தான். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி விற்கும் தொழில் அவனுக்கு. தானே ஒரு லேஅவுட்டில் மாடி வைத்த வீடு கட்டிப் புதுமனை புகுந்திருந்தான். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் மகன் வீட்டில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தவன். அக்டோபர் முன்னால் வெகுநேரம் நின்றான்.

“மாப்ள, அப்டியே கீது” என்றான் கடைசியில்.

“நீ பாத்தியா மச்சான், இந்த எடத்த?”

“பாக்காமயா? எல்லாம் சுத்திட்டுதான் வந்தேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒரு ஒத்தாச பண்ணு. பாப்பாவுக்கு வரன் வந்துகீது. பையன் அங்கதான் வேல. நிச்சயம் நம்ம வூட்ல வெச்சிருக்கேன். ஹாலு செவுரு மொட்டையா கீது. இத எரவல் குடு. நிச்சயம் முடிஞ்சதும் நானே ஏத்தி அனுப்புறேன்.”

கிறிஸ்டினாவுக்கு என்றதும் அந்தோணிசாமி யோசிக்கவில்லை. தம் படம் ஒன்று முதல்முறையாக அறையை விட்டு வெளியே போகிறது, நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் என்பது உள்ளுக்குள் இனித்தது. அவர் எந்தப் படத்திலும் பெயர் எழுதியதில்லை; எழுதத் தோன்றியதில்லை. அன்று மாலையே மெல்லிய தூரிகை எடுத்தார். பழுப்புப் பாறையின் அடியில், அரிசி உயரத்தில், வெள்ளை எழுத்தில், ரயில் பெட்டிக்கு எழுதுவதுபோலவே எழுதினார்: டி.பி.எம். என்று தாம்பரத்தின் குறி. அதன் கீழே ‘ரிட்டர்ன் 15-11’.

பின்னால் நின்ற ஷீலா சிரித்துவிட்டாள். “பொட்டிக்கு போட்றா மாரி படத்துக்குமா?”

“வெளிய போற பொருளாச்சே.”

“யாருக்கும் தெரியாது போங்க. எனக்கே கண்ணாடி போட்டாதான் தெரியுது.”

“உனக்கு தெரிஞ்சா போதும்” என்றார் அவர். அந்த வெள்ளையில் மட்டும் கிராம்புத் தைலம் விடவில்லை. சீக்கிரம் காயட்டும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் டெனிஸ் வண்டி அனுப்பியபோது எழுத்து உலர்ந்திருந்தது.

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் நிச்சயதார்த்தம். அதற்கு நான்கு நாள் முன்பே, பலகாரம் சுட ஆள் வேண்டும் என்று ஷீலா அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தோணிசாமி வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ரயிலேறிக் கூடுவாஞ்சேரியில் இறங்கினார். வழியெல்லாம் மனத்துக்குள் ஒரு சின்ன ஒத்திகை நடந்தது. யாராவது படத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, ஐஸ் பார் கதையைச் சொல்லலாமா, சொன்னால் சிரிப்பார்களா என்று.

கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அக்டோபர் நடுச் சுவரில் தொங்கியது. அதற்கென்றே மேலே ஒரு விளக்குப் பொருத்தியிருந்தார்கள். அதன் முன்னால் மணமகன் ஜோஷ்வாவின் தந்தை சவுரிமுத்து, கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தார். பக்கத்தில் பட்டு வேட்டியில் டெனிஸ்.

“நேர்ல போய் எடுத்தீங்களா சம்பந்தி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் சவுரிமுத்து.

“நேர்லதான். அந்த மலைக்கு அடிவாரத்துலயே ஒரு வெள்ளக்காரரு, வயசானவரு, கட போட்டு வரைஞ்சிகினு இருந்தாரு. நின்னு பாத்தேன். மனசு கேக்கல. வாங்கி பார்சல்ல போட்டு அனுப்பிட்டேன்.”

வாசலருகே நின்றபடியே அந்தோணிசாமி அதைக் கேட்டார். முதலில், வேறு ஏதோ படத்தைப் பற்றிச் சொல்கிறான் என்றே நினைத்தார். அந்தச் சுவரில் வேறு படம் இல்லை.

டெனிஸ் அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணமும் மாற்றம் இல்லை. முன்பே எண்ணி வைத்திருந்தவன்போல விரைந்து வந்து தோளில் கைபோட்டு முன்னால் அழைத்துப் போனான். “இவருதான் எங்க மாப்ள. ஷீலா வூட்டுக்காரரு. ரயில்வேல பெயிண்டரு. நீங்க போற பொட்டிக்கெல்லாம் இவருதான் பெயிண்ட்டு.”

“அப்டிங்களா?” சவுரிமுத்து நல்ல மனிதர், மரியாதையாகக் கைகூப்பினார். “பெயிண்ட்ட பத்தி தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க. இந்தக் கை நம்மாளுங்களுக்கு வருமா? அந்த மண்ணுல பொறந்து, அந்தக் குளுர அனுபவிச்சவனுக்குத்தாங்க வரும்.”

கூடத்தில் சிலர் தலையசைத்தார்கள். யாரோ ஒருவர், “மாமாவா இருந்தா பொட்டிக்கு அடிக்கிறா மாரி ஒரே நாள்ல முடிச்சிருப்பாரு” என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். டெனிஸும் சிரித்தான், தோளில் இருந்த கை மட்டும் இறுகியது.

அந்தோணிசாமிக்கு ஒரு வழி இருந்தது. சொல்லைச் சொல் மறுக்கலாம். எழுத்தை யார் மறுப்பார்? பாறையடியில் தாம்பரத்துக் குறி இருக்கிறது. அமெரிக்க மலையடிவாரத்து வெள்ளைக்காரர் எதற்காக டி.பி.எம். என்று எழுதுவார்? விரலை நீட்டிக் காட்டினால் போதும். கூட்டத்தில் ரயில்வேக்காரர் ஒருவராவது இருப்பார். அந்தோணிசாமி டெனிஸின் கையைத் தோளிலிருந்து விலக்கி, படத்தின் இடது ஓரத்துக்குப் போய்க் குனிந்தார்.

பாறை இருந்தது. எழுத்து இல்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். எழுத்து இருந்த இடத்தில் பழுப்பு நிறம் சற்றுத் திட்டாக, தூரிகை பழகாத கையால் மேலும் கீழுமாக இழுக்கப்பட்டு, மினுமினுத்தது. கட்டைவிரலை வைத்தார். ஈரம். விரலை எடுத்தபோது பழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் பட்ட இடத்தில் ‘டி’யின் தலைக்கோடு அரிசி நுனிபோல வெளியே தெரிந்தது. உலர்ந்த எழுத்தின் மேல் ஈர வண்ணம். கைக்குட்டையால் ஒரு முறை துடைத்தால் முழுதும் வெளியே வந்துவிடும்.

ஆனால் அவர் விரல் கைக்குட்டையைத் தேடவில்லை, மூக்குக்குப் போயிற்று.

கிராம்பு மணத்தது.

அந்தப் பழுப்பு உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது: மாடியறையின் ஜன்னலோரம், ஐஸ்கிரீம் டப்பாவில், பாலித்தீன் காகிதம் மூடி. அந்த எழுத்து இருக்குமிடமும் உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தவருக்கு.

அவர் நிமிர்ந்தார். சமையலறை வாசலில் லட்டுத் தட்டோடு ஷீலா நின்றிருந்தாள். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கவனிக்காத அளவுக்கு, தலையை இடமும் வலமுமாக ஒரு முறை அசைத்தாள். வேண்டாம் என்று. மன்னிப்பு அதில் இல்லை; கெஞ்சலும் இல்லை. பாலில் உப்புப் போடப் போகிறவரைத் தடுப்பதுபோல ஒரு சாதாரணத் தடை.

அப்போது ஆசீர்வாதத்துக்கு அழைத்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பெண்ணின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து வாழ்த்துவது இவர்கள் வழக்கம். “அத்தை, மாமா வாங்க” என்று குரல் வந்தது. முப்பது பேர் விலகி வழிவிட்டார்கள். நாற்காலியில் கிறிஸ்டினா ரோஜாநிறப் புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தோணிசாமி முன்னால் போய் நின்றார். வலக் கட்டைவிரல் பழுப்பாக இருந்தது. இடக்கையால் ஆசி கூறும் மரபு எங்கும் இல்லை. மெல்ல விரலைத் தம் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் அழுத்தித் துடைத்தார். அங்கே ஒரு கறை நீண்டு விழுந்தது. பிறகு குனிந்து, அவள் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

கிறிஸ்டினா சட்டென்று மூச்சை உள்ளிழுத்தாள். அந்த மணத்துக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பெண். தலை நிமிராமல் உதடு மட்டும் அசைய, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“மாமா, எனக்குத் தெரியும் மாமா. அப்பா சொன்னாரு. கல்யாணம் வரைக்கும் மட்டும் மாமா. ப்ளீஸ்.”

அவள் நெற்றியில் சிலுவை மங்கலான பழுப்பில் நின்றது. துடைத்தும் போகாமல் விரல் ரேகைக்குள் தங்கியிருந்த வண்ணம். அடுத்து வந்த ஷீலா தன் முந்தானை நுனியால் அதை ஒற்றியெடுத்துவிட்டு, அதே இடத்தில் தன் சிலுவையை வரைந்தாள்.

அந்தோணிசாமி சாப்பிட்டார். பரிமாறியவர்கள் கேட்டதற்கெல்லாம் போதும் என்றார். சட்டையில் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, “பெயிண்ட்டு” என்றார். “எங்கய்யா போனாலும் வேலையா?” என்று அவர் சிரித்தார்.

மூன்றரை மணி ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். வண்டலூரில் கூட்டம் ஏறி, எதிரே இருந்த முகம் மறைந்து மறுபடி தெரிந்தபோது ஷீலா தொடங்கினாள்.

“அண்ணன் வந்து நின்னுகினு, படத்துல எங்கனா பேரு எழுதிக்கீறாரான்னு கேட்டு அழுதுச்சு. பையன் வூட்டுக்காரங்க கிட்ட வந்து உத்துப் பாப்பாங்க, மானம் போயிடும்னுச்சு. நான் இன்னா பண்ணட்டும்?”

“எப்ப வந்துச்சு?”

“நான் பலகாரத்துக்கு போறதுக்கு முந்தின நாளு. நீங்க டூட்டில கீறீங்க. டப்பால கொஞ்சம் எடுத்துனு போனேன்.”

“நான் நைட்டு வந்தனே. சாப்புட்டனே. பேசினிருந்தமே.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “எழுத்துதானேங்க. படம் அப்டியே கீது. நான் ஒரு மலைய அழிச்சனா? ஆத்த அழிச்சனா? உங்க பேரா அது, போனா போச்சுன்னு வருத்தப்பட்றதுக்கு?”

“பேரு இல்ல ஷீலா” என்றார் அவர். “அது திரும்பி வர்ற தேதி.”

பெருங்களத்தூரில் ஒரு பெண் இருவருக்கும் நடுவே கூடையை வைத்துவிட்டு நின்றாள்.

நவம்பர் பதினைந்து வெள்ளிக்கிழமை வந்தது. அந்தோணிசாமி விடுப்பு எடுத்தார். குட்டியானை வண்டி ஒன்றை அமர்த்தி, படத்தின் மேல் போர்த்த இரண்டு பழைய போர்வைகளும் கட்டக் கயிறும் எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனார். எழுத்து மறைந்தாலும் தேதி மறையவில்லை என்பது அவர் கணக்கு. தேதி வந்தால் பெட்டி வர வேண்டும்.

கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டெனிஸ் அவரையும் அவர் கையிலிருந்த கயிற்றையும் பார்த்தான்.

“ஒக்காரு மாப்ள.”

“படம் எங்க?”

“சம்பந்திக்கு ரொம்ப புடிச்சிப்போச்சு. பையன் புது வூட்டுக்கு வேணும்னு வாயவிட்டே கேட்டாரு. இல்லன்னு எப்டி சொல்றது? ரெண்டு நாளு முந்திதான் ஜோஷ்வா எடுத்துனு போனான்.”

“எங்க?”

“அமெரிக்காக்கு.” டெனிஸ் லேசாகச் சிரிக்க முயன்றான். “உன் படம் அந்த ஊருக்கே போவுது. பெருமையா நெனச்சுக்க மாப்ள.”

“சட்டத்தோடயா?”

“அவ்ளோ பெருச பிளேன்ல எப்டி? கழட்டி சுருட்டிட்டோம். பாய் மாரி.”

“வரைஞ்ச பக்கம் உள்ளயா, வெளியவா?”

டெனிஸுக்குக் கேள்வி புரியவில்லை. “உள்ளதான். அழுக்கு படாம.”

வண்ணம் பூசிய பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி, விரிக்கும்போது வெடிக்கும். ஈரமான இடம் ஒன்று இருந்தால் அது எதிரே எது படுகிறதோ அதில் போய் ஒட்டும். எப்படியும் பாறையின் பழுப்பு இந்நேரம் ஆற்றின் மேல் ஒட்டியிருக்கும். ஷீலா வெளிச்சம் இருக்கிறது என்று சொன்ன இடத்திலா, அதற்குக் கீழேயா என்று அவர் நினைத்துப் பார்த்தார்.

“ஏன் மச்சான் சொன்ன, வெள்ளக்காரன் வரைஞ்சான்னு? எங்க மாப்ள வரைஞ்சாருன்னு சொல்லியிருந்தா பொண்ணு வேணான்னு போயிருப்பாங்களா?”

டெனிஸ் பேசியபோது குரலில் வியாபாரம் இல்லை. “ஏழு மாசம் மாப்ள. பேரனப் பாத்துக்கினு நாலு செவுத்துக்குள்ள. பனின்னு நான் பாத்தது, காரு நிறுத்துற எடத்துல கறுப்பா குமிச்சு வெச்சிருந்ததுதான். சம்பந்தி எங்கெங்க போனீங்கன்னு கேட்டாரு. அமெரிக்கா போனவன் ஒண்ணும் பாக்கலன்னு எப்டி சொல்றது? நீ வரைஞ்சதத்தான் பாத்தேன்னு சொன்னேன். அப்புறம் எங்க வாங்கினீங்கன்னாரு.”

“நான் வரைஞ்சதத்தான் பாத்த. அது மட்டும் நெசம்” என்றார் அந்தோணிசாமி. கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கல்யாணத்துல முன்னால வந்து நிக்கணும் மாப்ள. நீ இல்லாம பாப்பாவுக்கு…”

“வரேன்” என்றார். போனார்; ஜனவரியில் நடந்த திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சவுரிமுத்து அவரைத் தேடிவந்து கைபற்றி, அக்டோபர் தம் மகன் வீட்டுச் சுவரை அடைந்துவிட்டதாகவும், பார்ப்பவர்கள் எல்லோரும் எந்த ஓவியர் என்று விசாரிப்பதாகவும் சொன்னார். “பேரு எழுதாம விட்டுட்டாருங்க அந்த மனுசன். எவ்ளோ பெரிய மனசு” என்றார். அந்தோணிசாமி ஆமாம் என்று தலையசைத்தார்.

பணிமனையில் அவர் இன்றும் தேதி எழுதுகிறார். எழுதிய பெட்டிகள் எழுதிய நாளில் வந்து சேர்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவதும் நிற்கவில்லை. பிப்ரவரி கடைசியில் புதுக் கித்தான் ஒன்றைச் சட்டமடித்தார். கிழக்குச் சுவரில் சாய்க்காமல், அறையின் மூலையில், முதுகு சுவரைத் தொட உட்கார்ந்து, கித்தான் தம்மைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஆள் நிற்க இப்போது இடமில்லை. பூசை முடிந்து வந்து ஷீலா காப்பி எடுத்துவந்தாள். கித்தானின் வெறும் முதுகுக்கு முன்னால் நின்றாள்.

“இது இன்னா மாசம்?”

அவர் காப்பியை வாங்கிக்கொண்டார். தூரிகையை வலக்கைக்கு மாற்றினார். கிராம்பு மணத்தது. தெருவில் மீன் வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்; அடுத்த ரயில் பாதையில் கடந்து போயிற்று.

அவள் இன்னும் சற்று நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அந்தப் படம் முடிந்து ஐந்து மாதமாகிறது. சுவரைப் பார்த்துத் திருப்பிவைக்கப்பட்டிருக்கிறது. ஷீலா அறையைப் பெருக்கும்போது அதை ஓரமாக நகர்த்திப் பெருக்கிவிட்டு, திருப்பிப் பாராமல், இருந்தபடியே மறுபடி வைத்துவிடுகிறாள்.